தறிக்குழி ஆமைக்கு என்ன பரப்புவது

நான் ஒரு சந்தேகப் பிராணி. என் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பால்காரனும் சொல்லியிருக்கிறான். மறுக்க மாட்டேன். ஆனால் பிறக்கும்போதே நான் அப்படி இல்லை. பிறந்த ஊரான மாகறலில் இருந்தவரைக்கும் யார் எதைச் சொன்னாலும் நம்புகிற அசடாகத்தான் இருந்தேன். கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்த முதல் வருஷத்தில்தான் இந்தக் குணம் ஒட்டிக்கொண்டது. காரணம் ஓர் ஆமை. சரியாகச் சொன்னால், அந்த ஆமைக்குக் கீழே என்ன பரப்புவது என்கிற தகராறு.

என்னை இரண்டாம் தாரமாகத்தான் கொடுத்தார்கள். எங்களவர்கள் எல்லோரும் தறிக்காரர்கள்தான். என் அப்பா மட்டும் தறியை விட்டுவிட்டு நிலத்தில் இறங்கியவர். அதனால் எனக்கு நெல்லும் உமியும் தெரியும், பட்டு தெரியாது. இதையே ஒரு குறையாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் மனைவியை இழந்து ஒரு பெண் குழந்தையோடு இருந்தவருக்கு முடித்துவைத்தார்கள். நல்ல மனுஷர். தறியில் உட்கார்ந்தால் உலகமே தெரியாது. எழுந்தாலும் பாதி உலகம்தான் தெரியும்.

வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். முன் அறையில் ஓடுகிற தறி. அதற்குப் பின்னால் இன்னொரு தறி இருந்த இடம். மரம் உளுத்துப் போனதால் சட்டத்தைக் கழற்றிவிட்டார்கள், குழி மட்டும் அப்படியே இருந்தது. நெய்கிறவர் உட்கார்ந்து காலை உள்ளே விட்டு மிதிக்கிற குழி. செங்கல் கட்டி, சுண்ணாம்பு பூசியது. அதற்குள்தான் ஆமை.

குழந்தையின் தாய்மாமன் லாரியில் போகிறவர். காளத்திப் பக்கத்திலிருந்து அதைப் பிடித்துவந்து தங்கையிடம் கொடுத்திருக்கிறார். முதுகு முழுக்க மஞ்சள் நட்சத்திரம் போட்ட ஆமை. இன்றைக்கு அதை வீட்டில் வைத்தால் போலீஸ் வரும். அறுபதுகளில் கேட்பாரில்லை. போலீஸ் கேட்காவிட்டாலும் தெரு கேட்டது. ஆமை வீட்டுக்குள் புகக் கூடாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியுமே. அதற்கு அந்த முதல் மனைவி ஒரு பதில் வைத்திருந்தாளாம். “தானா பூந்தாத்தான் ஆவாது. நாமளே தூக்கியாந்து வச்சா அது பூந்ததா ஆவுமா?” நான் அவளைப் பார்த்ததில்லை. ஆனால் இதைக் கேட்டபோது எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

பிறகு அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். என் நாத்தனாருக்கு அது போதாதா? அவள் என் வீட்டுக்காரரின் அக்கா. எதிர் வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சாப்பாடு அங்கே, அதிகாரம் இங்கே. “நான் அன்னிக்கே சொன்னேன்பா” என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வாள். என் வீட்டுக்காரர் அதிசயமாக வாயைத் திறந்து, “கச்சபம்னா இன்னாக்கா? ஆமைதானே? கச்சபேசுவரர் கோயில்ல பெருமாளே ஆமையா இருந்து பூசை பண்ணிக்கினு இருக்காரு, நீ போய்ச் சுத்திட்டு வரல?” என்று கேட்டிருக்கிறார். “அது கல்லு. கல்லு ஆமை நம்ம வூட்டுக்கு வராது” என்று முடித்துவிட்டாள். தூக்கி எறிந்திருப்பாள். குழந்தை ஆமையைக் கட்டிக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்ததால் விட்டுவைத்தாள்.

அந்த வீட்டுக்குள்தான் நான் போனேன். பெண்ணுக்கும் ‘புகுந்த வீடு’ என்றுதானே சொல்கிறோம்? நாத்தனார் ஆமையைப் பார்க்கிற பார்வையும் என்னைப் பார்க்கிற பார்வையும் ஒரே மாதிரி இருந்ததில் ஆச்சரியமில்லை.

அவள் பார்வை கிடக்கட்டும். என்னைக் கொன்றது குழந்தை.

மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் அப்படி ஒரு மரியாதை. “நீங்க சாப்டீங்களா?” “சீப்பு எங்க வச்சீங்க?” “நீங்க பின்ன வேணாங்க, நானே பின்னிக்கறேன்.” தெருவே மெச்சியது, சித்திகாரியிடம் எவ்வளவு பணிவாகப் பேசுகிறது பார் என்று. எனக்கு வயிறு எரிந்தது. அப்பாவை அவள் ‘நீ’ என்பாள். அத்தையை ‘நீ’ என்பாள். ஆமையிடம், “நீ ஏன் இன்னிக்கு துன்னல?” என்று மணிக்கணக்கில் பேசுவாள். செத்துப்போன அம்மாவைப் பற்றிப் பேசும்போது, “எங்கம்மா சொல்லும், எங்கம்மா பாடும்” என்பாள். எந்த வீட்டில் பிள்ளை அம்மாவை ‘நீங்க’ என்று கூப்பிடுகிறது? நான் மட்டும் ‘நீங்க’. பஸ் கண்டக்டருக்கும் பள்ளிக்கூட டீச்சருக்கும் கொடுக்கிற ‘நீங்க’. சித்தி என்றுகூட அழைத்ததில்லை. எனக்கு அந்த வீட்டில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து ஒரு தடவை ‘நீ’ என்று சொன்னால் போதும் என்றிருந்தது.

அவளுக்கு என் மேல் என்ன சந்தேகம் என்பது சீக்கிரமே புரிந்தது. ஆமைக்கு நான் தோட்டத்துப் பக்கம் போய்க் கீரை கிள்ளி வந்து கொடுப்பேன். “குடுங்க” என்று வாங்கிக்கொள்வாள். குழிப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒரு இலையைத் தன் வாயில் போட்டு மென்று, கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்த்துவிட்டுத்தான் ஆமைக்குப் போடுவாள். முதலில் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அடிப் பாவி, நான் விஷம் வைப்பேன் என்றா! அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. குழந்தைக்கு இதெல்லாம் தானாகவா தோன்றும்? யாரோ ஓதியிருக்கிறார்கள். யார் என்று நான் யோசிக்கவே இல்லை. எதிர் வீட்டைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

குழியில் முதல் மனைவி பரப்பிவைத்திருந்தது பட்டு. ஆமாம், பட்டேதான். தறியில் அறுந்த இழை, ஓரத்தில் வெட்டிப்போட்ட நூல், சிக்கு விழுந்து இனி உதவாது என்று ஒதுக்கியது, எல்லாம் தறிக்காரர் வீட்டில் ஒரு மூலையில் சேர்ந்துகொண்டே இருக்கும். மெத்தென்று இருக்கும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பட்டைவிட உசந்தது உலகத்தில் என்ன இருக்கிறது என்று நினைக்கிற ஜனங்கள் ஆமைக்கும் அதைத்தான் போடுவார்கள். ஆனால் நான் போனபோது அது மூத்திரத்தில் ஊறிக் கட்டி தட்டிக் கிடந்தது. நாற்றம் சோற்றுப் பானைவரை வந்தது. அலசிக் காயவைத்தால் சிடுக்குச் சிடுக்காகச் சுருண்டுகொண்டது. ஆமை நடக்கும்போது நகத்தில் மாட்டி இழுத்துக்கொண்டே போகும். இது ஆகாது என்று வாரி வெளியே போட்டேன்.

அவ்வளவுதான். “அவங்க அம்மா போட்ட பட்டு. வந்ததும் வராததுமா வாரிக் கொட்டிட்டா பாத்தியா?” என்று நாத்தனார் தெருக்குழாயில் நின்று சொன்னது என் காதுக்கு வந்து சேர்ந்தது.

நான் உமி போட்டேன். மாகறலில் கோழிக்குஞ்சுக்கு அதுதானே போடுவோம். ஒரு மூட்டை உமியை அப்பா பஸ்ஸில் போட்டு அனுப்பினார். ஈரத்தை உறிஞ்சும், அள்ளிக் கொட்டலாம், சுலபம். ஆனால் கோழிக்கும் ஆமைக்கும் வித்தியாசம் இருக்கிறதே. கோழி தலை நிமிர்ந்து நடக்கும், ஆமைக்கு முகமே தரையில். உமித்தூள் கண்ணில் போய் அது கண்ணைத் திறக்காமல் கிடந்தது. “கண்ணை அவிக்கறதுக்குன்னே கொண்டாந்து போட்டுக்கீறா” என்று எதிர் வீட்டிலிருந்து ஒரு தீர்ப்பு. உமியை அள்ளிவிட்டுத் தினசரிக் காகிதம் விரித்தேன். வழுக்கி வழுக்கிக் கால் விரிந்து தவளை மாதிரி கிடந்தது, காகிதத்தையும் கடித்தது. “அச்சு மையி விஷம், தெரியாதா அவளுக்கு?” என்று அடுத்த தீர்ப்பு. கோணி போட்டால் நகம் மாட்டுகிறது. எதைப் போட்டாலும் என் மனசில் என்ன இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சியாகிவிட்டது. சம்சாரம் பண்ண வந்தவளுக்கு ஆமைக்கு மெத்தை போடுவதில்தானா பரீட்சை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் மணல்தான் என்று தீர்மானித்தேன். காட்டில் அதற்கு யார் பட்டு விரித்தார்கள்? மண்ணில் கிடக்கிற ஜீவன். என் வீட்டுக்காரர் பாலாற்று மணலைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். அதைச் சலித்து, கொல்லை மண்ணைக் கொஞ்சம் கலந்து, குழியில் ஒரு சாண் உயரத்துக்குப் போட்டேன். அழுக்கை மட்டும் கரண்டியால் அள்ளிப் போட்டுவிடலாம். நாற்றம் நின்றது. ஆமைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முன்னங்காலால் தோண்டித் தோண்டி, மறுநாள் மத்தியானத்துக்குள் முழுசாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த குழந்தை குழியை எட்டிப் பார்த்தாள். ஆமை இல்லை. மணல் மட்டும் மேடாக இருந்தது. அவள் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுத் தறியில் நாடா ஓடுவது நின்றது. குழிக்குள் குதித்து இரண்டு கையாலும் பறித்து ஆமையை வெளியே எடுத்தாள். அது சாவகாசமாகத் தலையை நீட்டியது.

“பொதைச்சிட்டீங்களா?” என்று கேட்டாள் என்னைப் பார்த்து. அப்போதும் ‘நீங்க’தான்.

“அதுவாத்தான் தோண்டிக்கினு போச்சும்மா. சத்தியமா.”

நாத்தனார் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். “உசுரோட பொதைக்கறதுக்கு மணலு கொண்டாந்து குடுத்தவன் எந்தம்பி. யாரைச் சொல்றது?” என்றாள். நான் சல்லடையை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டேன். நின்றிருந்தால் அன்றைக்கு இரண்டில் ஒன்று ஆகியிருக்கும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆமை தீனியைக் குறைத்தது. குளிர் என்று நினைத்தேன். பிறகு பின்னங்கால் ஒன்றை ஊன்றாமல் இழுத்து நடந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. நான் இல்லாத நேரத்தில் யாரோ இதற்கு என்னவோ செய்கிறார்கள். செய்துவிட்டுப் பழியை என் தலையில் கட்டப் போகிறார்கள். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. மணலுக்கு இருக்கிற ஒரு நல்ல குணம், தொட்டால் சொல்லிவிடும். குழாய்க்குப் போகிறதற்கு முன்னால் குழியோரத்து மணலைச் முறத்தின் பின்பக்கத்தால் சமமாக இழுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஆமைக் கால் தடம் தனி. அதற்கு அந்தப்பக்கம், மூலையில், ஐந்து விரல் பட்ட தடம்.

ஆகா, மாட்டினாய் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! மறுநாள் குழாய்க்குப் போகிற மாதிரி குடத்தை எடுத்துக்கொண்டு போய், பக்கத்துச் சந்தில் நின்றேன். நினைத்த மாதிரியே நாத்தனார் வந்தாள். பின்னாலேயே வந்து கதவிடுக்கில் பார்த்தேன். குழியோரம் போனாள், குனிந்தாள், ஆமையைப் பார்த்து மூன்று தரம் துப்புகிற மாதிரி செய்தாள், போய்விட்டாள். மணலைத் தொடவில்லை. நான் இருப்பது தெரிந்துதான் தொடவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் அப்படித்தான், எதைப் பார்த்தாலும் அதற்கே தீனி.

கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சபேசுவரர் கோயிலில் மாவிளக்கைச் சட்டியில் வைத்துத் தலையில் சுமந்து சுற்றுவார்கள். நாத்தனாருக்குத் தீராத தலைவலி, அதனால் வருஷா வருஷம் வேண்டுதல். அந்த ஞாயிறு அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆமையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்னங்கால் வீங்கிப் பழுத்திருந்தது. தொடைக்குக் கிட்டத்தில் சதைக்குள் பதிந்து ஒரு நூல். சுற்றிச் சுற்றி இறுகிப்போன பட்டு நூல். அரக்கு நிறம்.

எங்கள் தறியில் அப்போது ஓடியது கிளிப்பச்சை. அதற்கு முன்னால் நீலம். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அரக்கு நூல் எங்கள் தறியில் ஏறியதே இல்லை. அரக்கு ஓடியது எதிர் வீட்டில்.

அவள் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றேன். நெற்றி நிறைய விபூதியோடு, கையில் சட்டியோடு வந்தவளை வழிமறித்து ஆமையை நீட்டினேன்.

“இது யாரு வூட்டு நூலு அண்ணி? சொல்லுங்க.”

அவள் குனிந்து பார்த்தாள். முகம் வெளிறிப்போனது. “ஐயோ, கால்ல நூலு கட்டிக்கீதே! இது செய்வினைடா தம்பி! இவதான் மாகறல்லருந்து என்னமோ கொண்டாந்துக்கீறா!”

“நான் ஏன் கொண்டாரணும்? உங்க வூட்டுத் தறியில ஓடற பாவு இன்னா நிறம்? போய்ப் பாத்துட்டு வந்து பேசுங்க!”

“அடியே, என் வூட்டுப் பட்டு உன் கையில எப்பிடி வந்துச்சி? திருட வேற செஞ்சியா?”

என் வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்து வந்து நடுவில் நின்றார். “அக்கா… இந்தாம்மே… அக்கா…” என்று இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பினார். தெரு கூடிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினோம். இன்றைக்கு நினைத்தாலும் அதில் சில வார்த்தைகள் எனக்குப் பிடித்தமானவைதான்.

நடுவில் ஒரு சின்னக் குரல். “நான்தான் போட்டேன்.”

குழந்தை குழியோரத்தில் உட்கார்ந்திருந்தாள். மூலையில் மணலைப் பறித்து ஒரு கொத்துப் பட்டு நூலை வெளியே இழுத்துக் காட்டினாள். ஈரமும் மண்ணுமாக அரக்கு நூல்.

“எங்கம்மா பட்டுதான் போடும். மணலு குத்தும். அதுக்குத்தான் உள்ள வச்சேன்.”

“பொம்மைக்கு மெத்தை தைக்கணும்னுல்ல என்கிட்ட கேட்டு வாங்கிக்கினு போன?” என்றாள் நாத்தனார்.

நான் ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி காவல் காத்துக்கொண்டிருந்தோம். இந்தக் குட்டி எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டு, தினமும் ஒரு கொத்தாகக் கொண்டுவந்து மணலுக்குள் புதைத்துவைத்திருக்கிறாள். ஆமை தோண்டுமே, நூல் சுற்றிக்கொள்ளுமே என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அம்மா போட்ட பட்டில் கெடுதல் இருக்கும் என்று எந்தப் பிள்ளை நினைக்கும்?

“செத்துருமா?” என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

நூலை அறுத்தாக வேண்டும். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பாவில் ஆயிரக்கணக்கான இழைக்குள் அறுந்த ஒன்றைக் கண்டுபிடித்து எடுக்கிற கை. பிளேடையும் ஊசியையும் என்னிடம் நீட்டிவிட்டு, “உசுரு இருக்கறதுல என்னால ஆவாதும்மே” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாத்தனார் சட்டியை இறக்கிவைக்கவும் மறந்து நின்றாள். குழந்தையை ஆமையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மடியில் மல்லாக்க வைத்து இறுக்கிப் பிடித்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். ஊசி முனையால் ஒரு சுற்றைத் தூக்கி, பிளேடு நுனியை உள்ளே விட்டேன். அறுந்தது. இரண்டாவது சுற்று ஆழமாக இருந்தது. அதைத் தூக்கும்போது ஆமை காலை உதறியது. பிளேடு வழுக்கி ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

“ஏய், மெதுவா!” என்று கத்தினாள் குழந்தை. “உனக்கு கண்ணு தெரியல? அறுத்துடப் போறே நீ!”

“ஏய், பெரியவங்கள இன்னாடி ‘நீ’ன்ற? வாய்லயே போடுவேன்” என்று நாத்தனார் அதட்டினாள்.

“நீங்க சும்மா இருங்க அண்ணி” என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஊசி தெரியவில்லை, நூல் தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர். முந்தானையால் துடைத்துக்கொண்டு, “கண்ணு தெரியலதான், நீ வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் புடி” என்றேன். திருப்பிப் பிடித்தாள்.

மிச்சச் சுற்றையும் அறுத்து எடுத்து, மஞ்சளைக் குழைத்துப் போட்டோம். நாத்தனார் கோயில் விபூதியில் ஒரு சிட்டிகை எடுத்து ஆமையின் முதுகில் வைத்தாள். அதுவரை அவள் அதைத் தொட்டதே இல்லை. எனக்கு வைக்கவில்லை. அவளை நான் முழுசாக நம்பியதும் இல்லை, கடைசிவரைக்கும்.

மறுநாள் காலையில் குழியிலிருந்த மணலையும் நூலையும் எல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு வெறும் தரையாக்கினேன். ஆமையைக் கூடைக்குள் வைத்திருந்தோம். கீரை கிள்ளிவந்து கொடுத்தேன். குழந்தை வாங்கினாள். வாயில் போட்டுப் பார்க்கவில்லை. அப்படியே ஆமைக்கு நீட்டினாள். அது கழுத்தை நீட்டிக் கடித்தது.

நான் குழியைக் காட்டி, “இப்ப இன்னாம்மா போடலாம்? மணலே போடவா, இல்ல உங்கம்மா மாதிரி பட்டு போட்டு, சிடுக்கு இல்லாம மேல துணி தைச்சிடவா? நீ சொல்லு” என்று கேட்டேன்.

அவள் ஆமையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“என்னை ஏன் கேக்கற? நீயே பாத்து எதனா போடு.”

நான் எழுந்து போய்ச் சல்லடையை எடுத்துவந்தேன்.